மலையிறங்கும் மார்கழிப் பூக்கள்

பூ பார்க்கப் போவதென்றால் சித்திரை வைகாசியில் மலையேறுவது என்று தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஊட்டி மலர்க் கண்காட்சி, ஏற்காடு கோடை விழா, கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா எல்லாமே மே மாதக் கூட்டத்தை நம்பி இருப்பவை. குளிர்காலத்தில் பூ தேடுகிறவர் இந்தப் பாதையைத் தலைகீழாகப் போட வேண்டியிருக்கும். உச்சியில் தொடங்கி இறங்கிக்கொண்டே வர வேண்டும். உதகையில் ஆரம்பித்துக் கோத்தகிரி, சத்தியமங்கலம், மூலனூர், நிலக்கோட்டை, மதுரை, திருவில்லிபுத்தூர் என்று தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை, பொங்கலுக்கு முந்தைய நாட்களில் வருகிறவருக்குக் குளிர் எதை அடக்குகிறது, எதை எழுப்பிவிடுகிறது என்பது ஊருக்கு ஊர் கண்ணெதிரே தெரியும்.

உதகை அரசு தாவரவியல் பூங்காவில் அந்த நாட்களில் முதலில் கண்ணில் படுவது பூ அல்ல, போர்வை. தொட்டபெட்டா சரிவில் 22 ஹெக்டேரில் படிப்படியாக ஏறும் இந்தப் பூங்காவின் பாத்திகளில், பனி தாங்காத செடிகளின் மேல் காய்ந்த மிலார் செடிகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வருவதால் அதற்குக் கோத்தகிரி மிலார் என்றே பெயர். காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறுமுன் ஊழியர்கள் குழாயைத் திறந்து தண்ணீர் பீய்ச்சி அந்த உறைபனியைக் கரைக்கிறார்கள். பனியோடு வெயில் பட்டால் இலை கருகிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

“பூவெல்லாம் எங்கண்ணே?” என்று கேட்கும் சுற்றுலாக்காரருக்கு, குழாயைக் கீழே வைக்காமலே பதில் வருகிறது: “எல்லாம் நாத்தா இருக்குதுங்க. மே மாசம் வாங்க, கண்ணு கொள்ளாது.”

அது வெறும் சமாதானமில்லை. 1896இல் தொடங்கிய மலர்க் கண்காட்சிக்கான வேலை நடப்பதே இந்தக் குளிரில்தான். விதைப்பதும் நாற்றைப் பிரித்துத் தொட்டிக்கு மாற்றுவதும் இப்போது நடந்தால்தான் மே மாதத்தில் மாடங்கள் நிறையும். பூத்த செடிதான் வேண்டுமென்று அடம்பிடிப்பவருக்குக் கண்ணாடி மாளிகை இருக்கிறது. அதைவிட்டால், சற்றுத் தள்ளியிருக்கும் ரோஜாப் பூங்காவில் கவாத்து செய்யப்பட்ட குச்சிகள்தான். 1995இல் நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக அமைத்து, 2006இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் விருது வாங்கிய பூங்கா அது. ஜனவரியில் அங்கே போகிறவருக்கு வெட்டுப்பட்ட நுனிகளும் மண்ணில் கிளறிவிட்ட எருவும் மிஞ்சும். தோட்டக்கலை தெரிந்தவருக்கு அதுவும் நல்ல காட்சிதான். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து வர்க்கி வாங்கப் போய்விடுகிறார்கள்.

உறைபனிக்கு ஒரு குணம் உண்டு. மேகம் மூடிய இரவில் அது வராது. வானம் துடைத்துவிட்டது போலிருக்கும் இரவில், பகலெல்லாம் நிலம் வாங்கிய வெப்பம் தடையின்றி மேலே போய்விடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவு வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்கள் வெளுத்துக் கிடக்கும்போது, மேட்டில் இருக்கும் தோட்டம் தப்பித்துக்கொள்கிறது. தேயிலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே தோட்டத்தில் மேல் பாத்தி பச்சையாகவும் கீழ்ப் பாத்தி கருகியும் நிற்பதை அவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள்.

நீலகிரியின் பழைய காடும் இந்தப் பனிக்குக் கட்டுப்பட்டதுதான். மடிப்புகளில் சோலை, மேடுகளில் புல்வெளி என்று இரண்டும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, சோலை மரங்களின் கன்றுகள் திறந்தவெளி உறைபனியில் பிழைப்பதில்லை என்பது. இந்த விதிக்கு அடங்காத மரம் ஒன்று உண்டு. ரோடோடென்ட்ரான் இனத்தைச் சேர்ந்த அதைத் தமிழில் காட்டுப்பூவரசு என்கிறார்கள். தோல் போன்ற தடித்த இலை, வெடித்த பட்டை, முறுக்கிய கிளை. அவலாஞ்சிப் பக்கம் புல்வெளி நடுவே தன்னந்தனியாக நிற்கும் அந்த மரம், மற்றவை ஒடுங்கிக்கிடக்கும் இந்த மாதங்களில்தான் கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்பில் பூக்கிறது. பூவில் தேன் இருப்பதால் சிறு பறவைகள் விடுவதில்லை. இதன் நெருங்கிய சொந்தங்கள் பலவும் இமயமலையில். இடைப்பட்ட சமவெளி முழுவதிலும் ஆள் இல்லை. ஊட்டியில் குளிர்காலத்தில் பூ பார்க்கவேண்டுமென்றால் பூங்காவில் அரை நாளும் காட்டுப்பூவரசுக்கு ஒரு நாளும் ஒதுக்கலாம். வனத்துறை அனுமதிக்கும் பாதையில் மட்டும் போக வேண்டும், அவ்வளவுதான்.

கோத்தகிரி வழியாக இறங்கும் சாலையில் நிறம் மாறத் தொடங்குகிறது. வீட்டு வேலிகளில் பாயின்செட்டியா ஆளுயரத்துக்கு வளர்ந்து உச்சியில் பற்றி எரிகிறது. அந்தச் சிவப்பு பூவின் நிறமில்லை, இலையின் நிறம். நடுவில் கடுகளவு மஞ்சளாக இருப்பவைதான் பூ. மெக்சிகோவிலிருந்து வந்த இந்தச் செடி இரவின் நீளத்தை அளக்கத் தெரிந்தது. இருட்டு நீளும் மாதங்களில்தான் இலைகள் சிவக்கும். தெருவிளக்கு விடியவிடிய மேலே விழும் வேலியில் அது பச்சையாகவே நின்றுவிடுவதும் உண்டு.

இதே கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் செவ்வந்தி விவசாயிகள். செவ்வந்தியும் நீண்ட இரவை எதிர்பார்க்கும் செடி. நம்முடைய அட்சரேகையில் டிசம்பர் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ஜூன் பகல் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மணி நேர வித்தியாசந்தான், ஆனால் செடிக்கு அது போதும். ஓசூரிலும் கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூரிலும் இரவுப் பேருந்தில் போகிறவர்கள், வயல் முழுக்கக் கம்பி இழுத்து பல்புகள் எரிவதைப் பார்த்துத் திருவிழாவோ என்று நினைப்பதுண்டு. இருட்டை வெட்டி, செடியை ஏமாற்றி, பூப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். விளக்கை அணைக்கும் நாளை வைத்துச் சந்தைக்குப் போகும் நாளைத் தீர்மானிக்கிறார்கள். அதே ஓசூரில் பசுமைக்குடில் ரோஜாக்காரர்கள் டிசம்பரிலேயே கவாத்து செய்துவிடுவது பிப்ரவரி 14ஐ மனத்தில் வைத்து. மொட்டு முன்கூட்டியே விரியாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் வலைத் தொப்பி மாட்டுவார்கள். தாஜ்மகால் என்ற சிவப்பு ரகம் அந்த வாரத்தில் விமானமேறுகிறது.

சத்தியமங்கலத்தில் பேச்செல்லாம் மல்லி. ஏலத்தில் கோடையில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகும் பூ, மார்கழிக் கடைசியில் சில ஆயிரத்தைத் தொடுகிறது. குண்டுமல்லிக்கு வெயில் வேண்டும். பங்குனி, சித்திரையில் கொட்டித் தீர்ப்பது குளிரில் மொட்டுச் சிறுத்து, எண்ணிக்கையும் சுருங்கிவிடும். மேலும், நவம்பர் கடைசியில் செடியைக் கவாத்து செய்துவிடுவது முறை. பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி என்று மல்லிகைக் குடும்பத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம். வெட்டவேண்டிய மாதத்தில் வெட்டாமல், நாலு மொட்டானாலும் நல்ல விலைக்குப் போகுமே என்று விட்டுவைப்பவர்களும் இருக்கிறார்கள். கோடையில் செடி கணக்குத் தீர்க்கும் என்று தெரிந்தே செய்யும் சூதாட்டம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மார்கழியில் கல்யாணம் இல்லை. கோயிலைத் தவிரப் பெரிய கிராக்கி இல்லாத மாதத்திலேயே இவ்வளவு விலை. தை பிறந்து முகூர்த்தம் தொடங்கும்போது தேவை ஒரேயடியாக ஏறுகிறது. செடியோ இன்னும் குளிரிலிருந்து எழுந்திருக்கவில்லை. பொங்கலையொட்டிப் பூ விலை செய்தித்தாளில் முதல் பக்கத்துக்கு வருவது இதனால்தான். தெருவில் முழம் போட்டு விற்கும் அக்காக்களின் முழங்கையும் இந்த மாதங்களில் கொஞ்சம் சுருங்கிவிடும். யாரும் அளவுகோல் எடுத்துக்கொண்டு போவதில்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் காக்கட்டான். வாசனை மல்லி அளவுக்கு இல்லை. நீண்ட மொட்டு, நட்சத்திர இதழ், வாடாமல் தாக்குப்பிடிக்கும் உடம்பு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதைப் போன்ற கோ 1 என்ற நட்சத்திர மல்லிகையை வெளியிட்டிருக்கிறது. ஆண்டு முழுவதும் பூக்கும் என்பதே அதன் பெருமை. மல்லிக்கு மாற்றா என்று கேட்டால் மதுரைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் தை முகூர்த்தத்தில் மணப்பெண்ணின் சடையில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

சத்தியிலிருந்து தாராபுரம் தாண்டி மூலனூர்ப் பக்கம் வரும்போது செங்காந்தளைப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர் தாமதமாக வந்தவர். மாநில மலரான அது ஐப்பசி, கார்த்திகைக்காரி. ஈழத்தில் கார்த்திகைப்பூ என்றே அழைப்பார்கள். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பிறகு நெருப்புச் சிவப்பாகும் ஆறு இதழ்கள் பின்னோக்கி மடங்கி நிற்கும். சூல்தண்டு மட்டும் செங்கோணமாகப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். மகரந்தம் தானாகச் சேருவது அரிது என்பதால் விவசாயிகள் காலையில் பூப்பூவாகக் கையால் தொட்டுச் சேர்ப்பார்கள். தை நெருங்கும்போது பூவெல்லாம் காயாகி, கிளுவைக் கொம்பிலும் கம்பிப் பந்தலிலும் கொடி பழுத்துத் தொங்குகிறது. விவசாயிகள் வாயில் அது கண்வலிக்கிழங்கு. அவர்களுக்கு வேண்டியது விதை. அதிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், மூட்டுகளைத் தாக்கும் கவுட் நோய்க்கு மருந்து. செடிகளின் குரோமோசோமை இரட்டிக்கவும் ஆய்வகங்களில் அதுவே. கிழங்கு முதல் விதை வரை அத்தனையும் நஞ்சு. வேலியோரம் பறித்து விளையாடும் பிள்ளைகளை அந்த ஊர்ப் பாட்டிகள் அதட்டுவதில் நியாயம் இருக்கிறது.

காங்கயம், தாராபுரம் சாலையோரங்களில் இப்போது ஆவாரை மஞ்சளாக நிற்கும். போகியன்று கொங்கு வீடுகளில் காப்புக் கட்டும்போது ஆவாரம்பூ, கூரைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து இறவாணத்தில் செருகுவார்கள். கூரைப்பூ என்பது சிறுபீளை. தரையோடு தரையாக, பஞ்சு ஒட்டிய குச்சிபோல வளரும் களை. ஆண்டில் ஒரே ஒரு நாளைக்கு அதற்குச் சந்தை விலை உண்டு.

நிலக்கோட்டையிலும் மதுரை மாட்டுத்தாவணியிலும் பூச்சந்தை இருட்டோடு தொடங்கிவிடுகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் சிறப்பாகச் சொல்வது தடித்த இதழும், மாலைவரை விரியாமல் மூடியிருக்கும் மொட்டும். அதனால்தான் விடியுமுன் பறித்த பூ வெளியூர் போய்ச் சேர்ந்த பிறகு மலர்கிறது. மதுரை மல்லி என்று பேர். செடிக்கான பதியன்கள் பெருமளவில் வருவது ராமேசுவரம் போகும் வழியிலிருக்கும் தங்கச்சிமடத்து மணலிலிருந்து.

“என்னண்ணே, நேத்துக்கு இன்னைக்கு இவ்வளவு ஏத்தமா?”

“பனிக்கா! செடியில மொட்டு இருந்தால்ல வரும்? செவ்வந்தி எடுத்துக்கங்க, சம்பங்கி நல்லா வந்திருக்கு.”

அவர் சொன்னது விற்கத் தெரிந்தவரின் பேச்சு என்றாலும் உண்மைதான். மல்லி ஒதுங்கிய இடத்தில் மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. சாக்குச் சாக்காகச் செவ்வந்தி, பட்டன் ரோஜா, மரிக்கொழுந்தின் சாம்பல் பச்சை, அரளி, தண்டோடு கட்டிய சம்பங்கி. இதில் சம்பங்கியும் மஞ்சள் கேந்தியும் பாயின்செட்டியாவைப் போலவே மெக்சிகோவிலிருந்து வந்தவை. இன்று அவையில்லாமல் சாமிக்கும் மாலையில்லை, சவத்துக்கும் மாலையில்லை.

சந்தையில் மதிப்பில்லாத ஒரு பூவையும் இங்கே சொல்லவேண்டும். டிசம்பர் பூ. ஊதாவிலும் வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கொல்லைப்புறச் சுவரோரம் தானே முளைத்துக் கார்த்திகை முதல் தை வரை பூத்துக்கொண்டிருக்கும். வாசனை கிடையாது. கிலோவுக்கு விலைபேச ஆளில்லை. காலையில் பறித்து வாழைநாரில் நெருக்கிக் கட்டி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையின் இரட்டைச் சடையில் வைத்துவிட்டால் மாலைவரை நிற்கும். காசில்லாத வீட்டுக்கும் குளிர்காலத்தில் தலைநிறையப் பூ கொடுத்தது அதுதான். மல்லிக்குக் கிடைத்த புகழில் காலே அரைக்கால் பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை என்பது அநியாயம்.

மதுரைக்குத் தெற்கே மார்கழி முழுதாகத் தெரிகிறது. மழைக்காலம் முடிந்து கண்மாய்கள் நிறைந்திருக்கும். திருவில்லிபுத்தூர் போகும் வழியில் விடிவதற்குள் இறங்கி நின்றால் வெள்ளாம்பல் விரிந்து கிடப்பதையும், வெயில் ஏற ஏற அது கூம்புவதையும் பார்க்கலாம். இரவில் மலர்ந்து காலையில் மூடுவது அதன் வழக்கம். ஆண்டாள் திருப்பாவையின் 14ஆம் பாட்டில் பொழுது விடிந்ததற்குச் சாட்சியாகக் காட்டுவது இதையும், செங்கழுநீர் வாய் திறப்பதையுந்தான். துளசிச் செடியடியில் அவள் கிடைத்ததாகச் சொல்லப்படும் நந்தவனத்தில் மார்கழிக் காலைக்கு நல்ல கூட்டம். அவள் சூடிய மாலை சித்திரையில் அழகருக்குப் போகிறது, திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் போகிறது.

ஊரைச் சுற்றியுள்ள மாந்தோப்புகள் பூவெடுக்கத் தொடங்கியிருக்கின்றன. குளிர்ந்த இரவுகள்தான் மாமரத்தைத் துளிரிலிருந்து பூவுக்குத் திருப்புகின்றன. அதே சமயம் மூடுபனியும் மப்பும் சேர்ந்துவிட்டால் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் வந்து பூவைக் கொட்டவைத்துவிடும். குளிர் வேண்டும், பனிமூட்டம் வேண்டாம். தோப்புக்காரர் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பது அதற்காக.

திருநெல்வேலிப் பக்கத்துத் தெருக்களில் வாசல்தோறும் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையாரும் தலையில் பூசணிப்பூவும். விடியற்காலையில் விரிந்து உச்சிக்குள் வாடிவிடும் பூ அது. கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பின்னால் குட்டிக் காய் இருந்தால் பெண். விவரம் தெரிந்தவர்கள் ஆண் பூவை மட்டும் பறிப்பதால் மாதம் முழுக்க வாசலுக்குப் பூ வைத்தும் தையில் பூசணி குறைவதில்லை. வைத்த சாணியையும் பூவையும் வீணாக்குவதும் இல்லை. தட்டிக் காயவைத்துச் சேர்த்து, தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கலன்று சிறுமிகள் தாமிரபரணியில் கொண்டுபோய் விடுவார்கள். அதற்கு முன் முற்றத்தில் கட்டிய சின்ன வீட்டில் அவர்கள் பொங்கல் வைத்துச் சாப்பிட்டாக வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளைத் தாண்டியதும் தோவாளை. மலையும் குளமும் பூந்தோட்டமும் ஒட்டியிருக்கும் இந்தச் சிற்றூரின் சந்தைக்கு, உள்ளூர்ப் பிச்சியோடு ஓசூர் ரோஜாவும் சத்தியமங்கலத்து முல்லையும் மதுரைச் சரக்கும் வந்து சேர்கின்றன. இறங்கிவந்த வழியெல்லாம் பார்த்த பூக்கள் இங்கே ஒரே கூரையடியில் கிடக்கும். வாங்குகிறவர்களில் பெரும்பங்கு கேரளத்துக்காரர்கள். ஓணம் அவர்களுடைய பெரிய பருவம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை மண்டல காலமும், பக்கத்திலேயே சுசீந்திரம் மார்கழித் திருவிழாவும் சந்தையை உட்கார விடுவதில்லை.

தோவாளையின் மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரளிப் பூவை மடித்து, நொச்சி இலையோடு வரிசைவரிசையாகக் கோத்து, மாணிக்கம் பதித்த பட்டைபோலத் தட்டையாக வரும் மாலை அது. நாரும் விரலும் தவிரக் கருவி கிடையாது. நெருக்கிக் கோத்த பூவில் தளர்ச்சி துளி தெரிந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி கட்டுகிறார்கள். மல்லியின் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த மாலைக்குக் கவலையில்லை, ஏனென்றால் அதற்கு மல்லியே தேவையில்லை.

எட்டு மணிக்குள் சந்தையின் சூடு பாதி தணிந்துவிட்டது. திருவனந்தபுரத்துக் கடைக்காரர் ஒருவர் போனில் மல்லி கேட்கிறார். வியாபாரி விலையைச் சொல்கிறார். மறுமுனையில் பேச்சில்லை. “அண்ணாச்சி, பிச்சி அரைப் பெட்டி, கேந்தி ரெண்டு சாக்கு, கொழுந்து பத்துக் கட்டு போடுதேன். மல்லி கால் கிலோ போதும், மேல தூவிக்கிடுங்க” என்று இவரே முடித்துவிட்டு, பெட்டியில் வாழையிலை விரிக்கத் தொடங்குகிறார்.